தினமும் ரெண்டு பக்கம்: கேஎல்-ல வேலைக்குப் போறவங்க வாசிப்புப் பழக்கத்த நிலைக்க வைக்க ஒரு முழு வழிகாட்டி

இது கேஎல்-லயும் (கோலாலம்பூர்) அதச் சுத்தி இருக்கிற கிள்ளான் பள்ளத்தாக்குலயும் வேலை செய்றவங்களுக்காக எழுதுறது. காலைல அஞ்சரைக்கு எந்திரிச்சு, ஜாம்ல நின்னு, ஓவர்டைம் முடிச்சு வீட்டுக்கு வந்து சமைச்சு, பிள்ளைங்கள படுக்க வச்சிட்டு, "நானும் தினம் ஏதாச்சும் படிக்கணும், கத்துக்கணும்"னு நினைச்சுக்கிட்டே தூங்கிப் போறவங்களுக்கு.

கூட வேலை செய்றவங்க, சொந்தக்காரங்க வீட்டுப் பிள்ளைங்க, எங்க தாமான் (குடியிருப்பு) ஆளுங்கன்னு பல பேர இந்தப் பழக்கத்த ஆரம்பிக்க வச்சுப் பாத்துட்டேன். பாதியில விட்டவங்க யாருக்கும் ஆர்வம் குறைவா இல்ல. வரிசைதான் தப்பாப் போச்சு. முதல் நாளே அஞ்சு புத்தகம் வாங்குறாங்க, அழகா ஒரு டைரி வாங்குறாங்க, வருஷத்துக்கு இத்தன புத்தகம்னு எழுதி வைக்கிறாங்க, அதுக்கப்புறம்தான் எப்போ படிக்கிறதுன்னே யோசிக்கிறாங்க. இங்க நேரம் முதல்ல வரும், அப்புறம் அளவு, அப்புறம்தான் புத்தகம், குறிப்பு எழுதுறது அதுக்கும் அப்புறம். தயவுசெஞ்சு இந்த வரிசைய மாத்தாதீங்க.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கையில என்ன இருக்கணும்

ஒரு 555 நோட்டு. கடையில கடன் கணக்கு எழுதுவாங்களே, அந்தக் குட்டிப் புத்தகம், எந்த மளிகைக் கடையிலயும் கிடைக்கும். பெரிய டைரி வேணாம், ஏன்னு கீழ படி 6-ல சொல்றேன். ஒரு பேனா. வேலைக்குத் தூக்கிட்டுப் போற பைல புத்தகம் கசங்காம நிக்கிற ஒரு பக்கம். இவ்வளவுதான். புத்தகம் இப்ப வேணாம்.

1. முதல் வாரம் படிக்காதீங்க, நேரத்த மட்டும் பாருங்க

இத சொன்னா எல்லாரும் ஏமாந்து போறாங்க, ஏன்னா ஆசையோட வர்றவங்ககிட்ட ஒரு வாரம் பொறுங்கன்னு சொல்றோம். ஆனா இந்த வாரத்தத் தாண்டிக் குதிச்சவங்கதான் மூணாவது வாரம் காணாமப் போறாங்க.

தினம் ராத்திரி 555-ல ரெண்டு விஷயம் எழுதுங்க. இன்னைக்கு எங்கெல்லாம் பத்து நிமிஷமாவது சும்மா உக்காந்திருந்தேன் இல்ல நின்னிருந்தேன், அந்த நேரத்துல கை எதத் தேடுச்சு. ஆண்ட்ராய்டுல டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோன்ல ஸ்க்ரீன் டைம்னு இருக்கும், அதத் திறந்து எந்த ஆப்ல எவ்வளவு நேரம் போச்சுன்னு பாருங்க. திட்டிக்க வேணாம், எழுதி மட்டும் வைங்க.

ஏன் இது முதல்லன்னா, நமக்கு நேரம் எங்க இருக்குன்னு நாம நினைக்கிறதும் நிஜமா இருக்கிறதும் வேற வேற. "ராத்திரி பத்துக்கு மேல நான் ஃப்ரீ"ன்னு சொல்றவங்க ஏழு நாள் எழுதினதும்தான் தெரியுது, பத்து மணிக்கு உடம்பு சோஃபால இருக்கு, மூளை எப்பவோ தூங்கிருச்சுன்னு. அதே ஆளுக்குக் காலைல பிள்ளைய தமிழ்ப்பள்ளி கேட்ல இறக்கி விட்டதுக்கும் ஆபீஸ்ல பஞ்ச் பண்றதுக்கும் நடுவுல கால் மணி நேரம் காடிக்குள்ளயே (கார்) இருந்திருக்கும்.

2. மணி பாக்காதீங்க, "எதுக்கு அப்புறம்"னு முடிவு பண்ணுங்க

முழுக் காரியமும் நிக்கிறதும் விழுறதும் இந்த இடத்துலதான், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

"தினம் எட்டு மணிக்குப் படிப்பேன்"ங்கிறது கேஎல்-ல வேலைக்கே ஆகாது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மழை பிடிச்சா ஃபெடரல் ஹைவே அப்படியே நிக்கும், எட்டு மணிக்கு நீங்க எங்க இருப்பீங்கன்னு உங்களுக்கே தெரியாது. எட்டு தாண்டிருச்சுன்னா "சரி நாளைக்குப் பாத்துக்கலாம்"னு மனசு சொல்லிரும். அதனால மணிக்குப் பதிலா, தினம் தப்பாம நடக்கிற ஒரு வேலைக்குப் பின்னாடி வாசிப்ப மாட்டுங்க. மழை பெஞ்சாலும் ரயில் லேட்டானாலும் அந்த வேலை நடக்கும், அது நடந்ததும் புத்தகம் கைக்கு வரும். பீட்டர் கோல்விட்சர்னு ஒரு உளவியல் பேராசிரியர் 1999-ல இதப் பத்தி எழுதிருக்கார், "இன்னது நடந்தா இன்னது செய்வேன்"னு முன்கூட்டியே குறிச்சு வச்சவங்க வெறும் "செய்யணும்"னு நினைச்சவங்கள விட அதிகமா செஞ்சு முடிக்கிறாங்கன்னு.

இங்க நல்லா வேலை செஞ்ச சில "அப்புறம்"கள சொல்றேன். கிள்ளான்லேர்ந்தோ ரவாங்லேர்ந்தோ கேடிஎம் ரயில்ல வர்றவங்களுக்கு, சீட்ல உக்காந்ததும். எல்ஆர்டி ரயில்ல நின்னுக்கிட்டே போறவங்களுக்கு, கதவு மூடினதும், ஆனா புத்தகம் ஒரு கையில பிடிக்கிற அளவுக்கு ஒல்லியா இருக்கணும். மோட்டோல போறவங்களுக்கு, வேலை இடத்துல பார்க்கிங் போட்டு ஹெல்மெட்டக் கழட்டினதும் அங்கயே ஒரு ஓரமா. வீட்ல இருக்கிற அம்மாமாருக்கு, காலைல எல்லாரையும் அனுப்பிட்டு பசியாற உக்காரும்போது, இல்லன்னா சாயங்காலம் சாமி விளக்கு ஏத்தினதும். ஷிப்ட் வேலைக்கு இன்னும் முக்கியம், ஏன்னா அவங்களுக்கு மணியே வாராவாரம் மாறும், ஆனா "கான்டீன்ல தண்ணி வாங்கி உக்காந்ததும்"ங்கிறது எந்த ஷிப்ட்லயும் மாறாது.

எல்லாரும் முதல்ல தேர்ந்தெடுக்கிறது "படுக்கப் போறதுக்கு முன்னாடி". நான் பாத்ததுல அதிகம் தோத்துப் போறதும் அதுதான். அன்னைக்குப் பூரா தள்ளிப் போன வேலையெல்லாம் கடைசியா வந்து விழுற இடம் அது. பிள்ளைக்கு ஹோம்வொர்க், துணி மடிக்கிறது, அக்கா ஃபோன் பண்ணது, எல்லாமே அங்கதான் வந்து நிக்கும். வேற வழியே இல்லாதவங்க மட்டும் அத எடுத்துக்கோங்க.

காடி ஓட்டுறவங்க ஆடியோ கேக்கலாமான்னு கேப்பாங்க. தாராளமா கேளுங்க, ஆனா இந்தக் கணக்குல சேக்காதீங்க. ஓட்டும்போது நிறுத்தி யோசிக்கவும் முடியாது, எழுதவும் முடியாது, படி 6 அதோட நின்னு போயிரும்.

முடிவு பண்ணத 555-ல முதல் பக்கத்துல ஒரே வரியா எழுதுங்க: "கேடிஎம்ல உக்காந்ததும் ரெண்டு பக்கம்." ரெண்டு மூணு நேரம் எழுதாதீங்க, ஒண்ணே ஒண்ணு. ரெண்டு இருந்தா ஒண்ண விட்டாலும் இன்னொண்ணு இருக்கேன்னு ரெண்டுமே போயிரும்.

3. அளவு ரெண்டு பக்கம், அதுக்கு மேல கடமை இல்ல

தினம் முப்பது பக்கம்னு ஆரம்பிக்கிறவங்க நல்ல நாள மனசுல வச்சுத்தான் கணக்குப் போடுறாங்க. கணக்கு போடணும்னா மோசமான நாளுக்குப் போடுங்க: மாசக் கடைசி, காய்ச்சல், பிள்ளைக்குப் பரீட்சை, அன்னைக்கும் முடியுமா? ரெண்டு பக்கம் முடியும்.

அன்னைக்கு ஆசையா இருந்தா இருபது பக்கம்கூட படிங்க, யாரும் தடுக்கல. ஆனா மறுநாள் திரும்பவும் ரெண்டுதான் கடமை. இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க, ஒரு ஞாயித்துக்கிழமை நாப்பது பக்கம் போயிருச்சுன்னு திங்கக்கிழமைலேர்ந்து அதையே அளவா வச்சிருவாங்க.

எத்தன நாள்ல பழக்கமாகும்னு கேக்குறவங்களுக்கு: 21 நாள்னு ஊர்ல சொல்றத நம்பி உக்காந்திருக்காதீங்க. லண்டன்ல பிலிப்பா லாலியும் கூட இருந்தவங்களும் 96 பேர வச்சு செஞ்ச ஆராய்ச்சி 2010-ல வந்துச்சு. அதுல ஒரு பழக்கம் தானா நடக்கிற நிலைக்கு வர நடுவாந்திரமா 66 நாள் ஆச்சு, ஆளுக்கு ஆள் 18 நாள்லேர்ந்து 254 நாள் வரைக்கும் வித்தியாசம் இருந்துச்சு. இருபத்தி ரெண்டாவது நாளும் புத்தகத்த எடுக்க மனசு முரண்டு பிடிச்சா உங்ககிட்ட எந்தக் கோளாறும் இல்லன்னு அர்த்தம்.

4. இப்பதான் புத்தகம், அதுவும் ஒண்ணு

200 பக்கத்துக்குள்ள, அச்சுல இருக்கிற புத்தகம், உங்களுக்கே நிஜமா தெரிஞ்சுக்கணும்னு இருக்கிற விஷயம். மத்தவங்க "இது படிச்சே ஆகணும்"னு சொன்னத முதல் புத்தகமா எடுக்காதீங்க. கடையிலயே நடுவுல ஒரு பக்கத்தத் திறந்து படிங்க, ஒரு பக்கத்துல அஞ்சாறு இடத்துல முட்டிக்கிட்டு நின்னா அந்தப் புத்தகம் அப்புறம், இப்ப இல்ல.

எந்த மொழின்னு ஒரு கேள்வி வரும், நம்ம ஊர்ல இது பெரிய விஷயம். தமிழ்ப்பள்ளில ஆறாம் ஆண்டோட தமிழ் எழுத்த விட்டவங்க, தேசியப் பள்ளிக்குப் போனதால தமிழ் பேச்சோட மட்டும் நின்னவங்க, இவங்க முப்பது வயசுல தமிழ்ப் புத்தகத்த எடுத்தா எழுத்துக்கூட்டி வாசிக்கிற வேகம்தான் வரும். வெக்கப்பட்டு மூடிராதீங்க. நாவல் வேணாம், சிறுகதையிலேர்ந்து ஆரம்பிங்க, அதுவும் நம்ம ஊர்க் கதையா எடுங்க. தோட்டம், லயம், பசியாறுறது, மண்டோர்னு தெரிஞ்ச வார்த்தை வரும்போது கண்ணு வேகமா ஓடும். நம்ம தமிழ்ப் பத்திரிகைகளோட ஞாயிறு பதிப்புல சிறுகதை வரும், அத வெட்டி வச்சு வாரம் பூரா அதையே படிக்கலாம். முதல் ரெண்டு மாசம் வாய்விட்டுப் படிங்க, பேசுற தமிழ் ஏற்கெனவே காதுல இருக்கு, கண்ணு தடுமாறுற இடத்துல காது கைகொடுக்கும். ஒரு கட்டத்துல சத்தம் தானா நின்னு போகும். வேலைக்கு உதவுற விஷயம் படிக்கணும்னா இங்கிலீஷோ மலாயோ எது சுலபமோ அதுல போங்க, ரெண்டு மொழியும் ஒரே நேரத்துல பழக ஆரம்பிக்காதீங்க.

எங்க கிடைக்கும்? ஜாலான் துன் ரசாக்ல தேசிய நூலகம் இருக்கு, மெர்டேக்கா சதுக்கத்துப் பக்கம் டிபிகேஎல்-லோட (மாநகர மன்றம்) கோலாலம்பூர் நூலகம் இருக்கு, மஸ்ஜித் ஜமெக் ஸ்டேஷன்ல இறங்கி நடந்தே போயிரலாம். மைகாட் (அடையாள அட்டை) எடுத்துட்டுப் போய் கவுண்டர்ல உறுப்பினராகுறதப் பத்திக் கேளுங்க. இரவல் புத்தகத்துல ஒரு நன்மை இருக்கு, திருப்பிக் குடுக்கிற தேதியே உங்களத் தள்ளும். வாங்குறவங்க பிரிக்ஃபீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா பக்கம் தேடிப் பாருங்க. ரசீத தூக்கிப் போடாதீங்க, வருமான வரிக் கழிவுல வாழ்க்கைமுறைப் பிரிவுன்னு 2,500 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் இருக்கே, அதுல புத்தகமும் பத்திரிகையும் சேரும். ரசீத ஏழு வருஷம் பத்திரமா வைக்கணும்.

இணையத்துல இலவசமா வேணும்னா 1998-லேர்ந்து நடக்கிற மதுரைத் திட்டம் இருக்கு, தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகம் இருக்கு, இலங்கைத் தமிழ் நூல்களுக்கு நூலகம் திட்டம் இருக்கு. மூணுமே பொக்கிஷம். ஆனா முதல் புத்தகத்த ஃபோன்ல படிக்காதீங்க. ஸ்கேன் பண்ண பிடிஎஃப்ல எழுத்து பொடிசா இருக்கும், பெருசாக்கி இழுத்து இழுத்துப் படிக்கிறதுலயே பாதி நேரம் போயிரும். வேணும்னா அந்த ஒரு கதைய மட்டும் ஃபோட்டோஸ்டேட் கடையில அச்சடிச்சு வச்சுக்கோங்க.

5. ஃபோனுக்கு ஒரு இடம்

சைலண்ட்ல போட்டா போதும்னு நினைப்பாங்க, போதாது. பாக்கெட்ல இருந்தா கை போகும். பையோட அடியில போட்டு, புத்தகம் மேல இருக்கணும். பைய திறந்தா முதல்ல கைல எது படுதோ அதத்தான் எடுப்போம்.

வீட்ல படிக்கிறவங்க ஃபோன அடுத்த ரூம்ல சார்ஜ் போட்டுருங்க. குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல வர்ற காலை வணக்கத்துக்குப் பத்து நிமிஷம் கழிச்சுப் பதில் போட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. வயசான அப்பா அம்மா தனியா இருக்காங்க, அழைப்பு வந்தா எடுத்தே ஆகணும்னா அந்த நம்பருக்கு மட்டும் சத்தம் வர்ற மாதிரி வச்சுக்கோங்க.

6. புத்தகத்த மூடிட்டு ஒரு வரி எழுதுங்க

ரெண்டு பக்கம் முடிஞ்சதும் புத்தகத்த மூடுங்க. நிஜமாவே மூடணும். மூடிட்டு, இப்ப என்ன படிச்சேன்னு மனசுலேர்ந்து ஒரே ஒரு வரி 555-ல எழுதுங்க, தேதியும் பக்க எண்ணும் போட்டு. ஞாபகம் வரலன்னா அர நிமிஷம் முயற்சி பண்ணுங்க, அப்புறம் திறந்து பாத்துட்டு மறுபடி மூடி எழுதுங்க.

பாத்து எழுதக் கூடாதான்னு எல்லாரும் கேக்குறாங்க. பாத்து எழுதும்போது கைதான் வேலை செய்யுது. மறந்தத தேடி எடுக்கும்போதுதான் அது உள்ள பதியுது. ரோடிகர், கார்பிக்கின்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளருங்க 2006-ல கல்லூரி மாணவர்கள வச்சு இத சோதிச்சாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டா, திரும்பத் திரும்பப் படிச்சவங்கதான் நல்லா சொன்னாங்க. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா, படிச்சிட்டு ஞாபகத்துலேர்ந்து எழுதிப் பாத்தவங்க முன்னாடி போயிட்டாங்க. திரும்பப் படிக்கிறப்போ எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஒரு திருப்தி வருமே, அது ஒரு வாரம்கூட நிக்காது.

எப்படி எழுதணும்னு ஒரு உதாரணம். பணம் பத்தின புத்தகம் படிக்கிற ஒருத்தர் முதல்ல எழுதினது: "கிரெடிட் கார்ட் வட்டி பத்தி படிச்சேன், ரொம்ப உபயோகம்." இதுல ஒண்ணும் இல்ல, ஒரு மாசம் கழிச்சுப் பாத்தா அவருக்கே புரியாது. மறுபடி யோசிச்சு எழுதச் சொன்னதும் வந்தது: "5,000 வெள்ளி பாக்கிக்கு மினிமம் 5 சதவீதம் 250 கட்டினா, வருஷத்துக்கு 18 சதவீத வட்டில அந்த மாசம் அதுல 75 வெள்ளி வட்டிக்கே போயிருது." அன்னைக்கு சாயங்காலமே அவர் தன்னோட கார்ட் பில்ல எடுத்துப் பாத்தார்.

பெரிய டைரி வேணாம்னு சொன்னதுக்குக் காரணம் இதுதான். பெரிய பக்கம் இருந்தா நிரப்பணும்னு தோணும், நிரப்ப நேரம் இல்லாத நாள்ல எழுதாம விடுவோம், எழுதலன்னா படிக்கவும் மாட்டோம். கலர் பேனா, கோடு போடுறது, பொன்மொழி காப்பி பண்றது எல்லாம் பாக்க அழகு, ஆனா நான் பாத்த வரைக்கும் அதுல இறங்கினவங்க படிக்கிறதக் குறைச்சிட்டாங்க.

7. வாரம் ஒரு தடவை திருப்பிப் பாருங்க

ஞாயித்துக்கிழமை பாசாருக்குப் போயிட்டு வந்து உக்காரும்போது, அந்த வாரத்து ஏழு வரிய எடுங்க. கையால வரிய மறைச்சிட்டு தேதியும் பக்கமும் மட்டும் பாத்து என்ன எழுதினோம்னு சொல்லிப் பாருங்க. வரலன்னா பரவால்ல, கைய எடுத்துப் பாருங்க. எபிங்காஸ்ங்கிற ஜெர்மன்காரர் 1885-லயே தன்னையே சோதிச்சு எழுதி வச்சார், மறதி ஆரம்பத்துல, முதல் நாளுக்குள்ளயே, ரொம்ப வேகமா நடக்குது, அப்புறம் மெதுவாகுதுன்னு. வாரக் கடைசில ஒரு தடவை தொட்டுட்டா மிச்சம் நிக்கும்.

ஏழுல ஒண்ண மட்டும் எடுத்து வர்ற வாரம் செஞ்சு பாக்குற மாதிரி ஒரு வேலையா மாத்துங்க. ஏழையும் செய்யப் போகாதீங்க.

8. விட்டுப் போன நாளுக்கு என்ன பண்றது

தீபாவளி வாரம், தைப்பூசத்துக்குப் பத்துமலை, வீட்ல கல்யாணம், விட்டுத்தான் போகும். விட்ட நாளுக்கு கடன் வைக்காதீங்க. எங்க தாமான்ல ஒரு பொண்ணு கேட்டுச்சு:

"அக்கா, மூணு நாளா படிக்கல, இன்னைக்கு எட்டு பக்கமா சேத்து படிச்சிரட்டுமா?"

"வேணாம்மா. ரெண்டே படி."

எட்டு பக்கம்னு வச்சா இன்னைக்கும் முடியாது, நாளைக்குப் பத்தாயிரும், அப்புறம் புத்தகத்தப் பாத்தாலே பயம் வரும். முன்னாடி சொன்ன லாலி ஆராய்ச்சிலயும் ஒரு நாள் விட்டதால பழக்கம் பெருசா பாதிக்கப்படலன்னுதான் வந்துச்சு. நான் பாக்குறது ஒண்ணுதான், ரெண்டாவது நாளும் விடாம பாத்துக்கணும். அன்னைக்கு ரொம்ப முடியலன்னா ஒரு பத்தி படிச்சிட்டு "முடியல, ஒரு பத்தி"ன்னு நோட்டுல எழுதுங்க, அதுவும் கணக்குதான்.

ஒரு வாரம் பூரா விட்டுப் போச்சுன்னா உங்கள நீங்க திட்டாம படி 2-க்குப் போங்க. முக்கால்வாசி நேரம் உங்க "அப்புறம்" மாறிருக்கும், வேலை மாறினது, பிள்ளை ஸ்கூல் செஷன் மாறினது, ரயில விட்டு காடிக்கு மாறினது. புதுசா ஒண்ணு தேர்ந்தெடுங்க.

9. கூட ஒருத்தர சேத்துக்கோங்க, கூட்டத்த சேக்காதீங்க

ரெண்டு பேர், மிஞ்சிப் போனா மூணு பேர். அன்னைக்கு எழுதின ஒரு வரிய ஃபோட்டோ எடுத்து அனுப்பணும், அவ்வளவுதான், கருத்து சொல்ல வேணாம். முப்பது பேர் குரூப்ல நாலு பேர்தான் எழுதுவாங்க, மத்தவங்க பாத்துட்டே இருப்பாங்க, நீங்க காணாமப் போனாலும் யாருக்கும் தெரியாது. ரெண்டே பேர்னா உங்க ஃபோட்டோ வரலன்னா ராத்திரி ஒரு குரல் வரும், "என்னண்ணே, உடம்பு சரியில்லையா?"

புருஷன் பெண்டாட்டி ஜோடியா செய்றது சில வீட்ல அருமையா போகுது, சில வீட்ல "நீ இன்னைக்குப் படிக்கலல்ல"ன்னு சண்டையில முடியுது. உங்க வீடு எப்படின்னு உங்களுக்குத்தான் தெரியும்.

10. எப்போ கூட்டுறது, எப்போ புது விஷயம் சேக்குறது

முதல் புத்தகம் முடிஞ்சிருக்கணும், புத்தகத்த எடுக்க யோசிக்காம கை தானா போகணும். ரெண்டும் நடந்தா ரெண்டு பக்கத்த நாலாக்குங்க. அதுக்கும் அப்புறம்தான் ஆன்லைன் கோர்ஸ், மாண்டரின் படிக்கிறது, வேலைக்கு ஒரு சர்டிபிகேட் எல்லாம். புதுசா சேக்குறதுக்கு இதே வழி: அதுக்குன்னு தனியா ஒரு "அப்புறம்", அதுக்கும் ஒரு சின்ன அளவு. மொழி படிக்கிறவங்க வார்த்தைகள ஆன்கி ஆப்ல போட்டுக்கலாம், எத எப்போ திருப்பிக் கேக்கணும்னு அதுவே பாத்துக்கும், ஆண்ட்ராய்டுல இலவசம், ஐபோன்ல காசு.

கடைசியா, புத்தகம் முடிய இருபது பக்கம் இருக்கும்போதே அடுத்த புத்தகத்த இரவல் வாங்கி அதே பைல அதே பக்கத்துல வச்சிருங்க. ஒரு புத்தகத்துக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல வர்ற அந்த நாலஞ்சு நாள் இடைவெளிலதான் நல்லா போயிட்டிருந்த பல பேர் நின்னு போனாங்க. முடிச்ச நாள் ரயில்ல மிச்ச நேரம் இருந்தா, அடுத்ததுல முதல் ரெண்டு பக்கத்த அன்னைக்கே படிச்சிருங்க.